அச்சுக்கு வரும் கியூஆர் கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் டிசைன் மேசையில் வேலை பார்க்கிறேன். நோட்டீஸ், காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது அடிக்க வந்தாலும், "ஓரத்துல ஒரு கியூஆரையும் வச்சிருங்க" என்று சொல்லாத ஆள் இப்போது குறைவு. வைப்பது இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள்தான் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கின்றன, தவறுகளும் அப்படித்தான். ஐயாயிரம் நோட்டீஸ் வீணாகி, கட்டோடு தூக்கிக்கொண்டு வந்து ஒருவர் வாசலில் நின்ற நாளில்தான் இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பார்கோடும் கியூஆரும் ஒண்ணுதானே அண்ணாச்சி? நான் எதைப் போடணும்?

குடும்பம் ஒன்று, வேலை வேறு. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கருப்புப் பட்டைகளாக நிற்பது பார்கோடு. நம் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் 13 இலக்கம் கொண்ட இஏஎன் வகை. அதற்குள் பொருளின் எண் மட்டுமே இருக்கும். பெயரும் விலையும் கடையின் கம்ப்யூட்டரில் இருக்கும். இதற்கு மூத்ததான 12 இலக்க யுபிசி, 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான் முதன்முதலாகக் கவுண்டரில் ஸ்கேன் ஆனது.

கியூஆர் 1994ல் ஜப்பானில் வந்தது. டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க அதை உருவாக்கியது. பார்கோடு ஒரு திசையில்தான் எழுதும். கியூஆர் நெடுக்கும் குறுக்குமாக எழுதும், அதனால் 7,089 இலக்கங்கள் வரை உள்ளே அடங்கும். மூன்று மூலைகளில் இருக்கும் கட்டம் போட்ட சதுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் மாறி மாறி வரும். நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான பொருள்களை அலசி, எதிலும் அதிகம் வராத விகிதமாகத் தேடி எடுத்தது அது. அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைப் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. நாம் அடித்த காகிதங்களுக்கு நடுவே தனியாகத் தெரிய வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு எது? வாடிக்கையாளரை ஓர் இணையப் பக்கத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ வரச்சொல்ல வேண்டுமானால் கியூஆர். சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் பில் போட வேண்டிய பொருள் என்றால் பார்கோடு. 2027 முடிவுக்குள் கவுண்டர் ஸ்கேனர்கள் இரண்டு வகையையும் படிக்கும்படி ஆக வேண்டும் என்பது இந்த எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இலக்கு. அதுவரை பாக்கெட்டில் பார்கோடை எடுத்துவிட வேண்டாம்.

கியூஆர் போடுறதுக்கு யாருக்காவது காசு கட்டணுமா? லைசென்ஸ் எதுவும் வேணுமா?

வேண்டாம். காப்புரிமை டென்சோ வேவிடம் இருந்தாலும், தரப்படுத்தப்பட்ட வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று ஆரம்பத்திலேயே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். 2000ல் அது சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. "கியூஆர் கோடு" என்ற பெயர் மட்டும் அவர்களுடைய பதிவு செய்த வணிகச் சின்னம்.

கடைப் பொருளுக்கான பார்கோடு கதை வேறு. பட்டைகளை வரைவதற்குக் காசு இல்லை, எண்ணுக்குத்தான் காசு. ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்து "இதையே போடுங்க" என்பவர்களுக்கு நான் அடிப்பதில்லை. அது வேறொருவர் பொருளின் எண்ணாக இருந்தால், உங்கள் ஊறுகாயை ஸ்கேன் செய்யும்போது கவுண்டரில் அவருடைய சோப்பு வந்து நிற்கும்.

890ன்னு ஆரம்பிச்சா அது இந்தியாவுல செஞ்ச பொருள்தானே?

இல்லை. அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். வெளிநாட்டில் செய்து இங்கே கொண்டுவந்த பொருளிலும் 890 இருக்கலாம். எங்கே செய்தது என்பதை லேபிளில் எழுத்தாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆன்லைன்ல ஃப்ரீயா எடுத்த கோடு. ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு, இப்போ "எக்ஸ்பைர்டு"ன்னு வருது. கோடுக்குக் காலாவதி உண்டா?

கோடுக்குக் காலாவதி கிடையாது. கட்டங்களுக்குள் எழுதியது, காகிதம் இருக்கும்வரை அப்படியேதான் இருக்கும். காலாவதி ஆனது நடுவில் நிற்கும் ஆள்.

இரண்டு வகை உண்டு. ஸ்டாட்டிக் என்பதில் உங்கள் இணைய முகவரியே நேராகக் கட்டங்களில் எழுதப்பட்டிருக்கும். டைனமிக் என்பதில் கோடு செய்து தரும் நிறுவனத்தின் சிறிய முகவரி ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்தவர் முதலில் அவர்களிடம் போவார், அவர்கள் உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். "இலவசம்" என்று சொல்லும் தளங்கள் பலவற்றில் கிடைப்பது இந்த இரண்டாவது வகையின் சில நாள் மாதிரி. நாள் முடிந்ததும் சந்தா கேட்கும். அதற்குள் உங்கள் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயிருக்கும். வாசலில் வந்து நின்றாரே, அவருக்கு நடந்தது இதுதான். டிசைனை அவரே செய்து கொண்டுவந்தார், நானும் அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கண்டுபிடிப்பது சுலபம். போன் கேமராவைக் காட்டுங்கள், திறக்காதீர்கள். மேலே வரும் முகவரியைப் படியுங்கள். உங்கள் தளத்தின் பெயர் இருந்தால் ஸ்டாட்டிக். அறிமுகமில்லாத பெயர் இருந்தால் நடுவில் ஆள் இருக்கிறார்.

அப்போ ஸ்டாட்டிக்தான் நல்லதா? ஆனா அதை அப்புறம் மாத்த முடியாதே?

சரியான கேள்வி. இங்கேதான் நான் எல்லாரிடமும் கொஞ்சம் அழுத்திப் பேசுவேன். மை காய்ந்த பிறகு திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய இடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணையதளப் பெயர், வாங்குங்கள். அதில் கடைப்பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு, ஓர் எண் என்று குட்டியாக ஒரு முகவரி வையுங்கள். கோடில் அதை ஸ்டாட்டிக்காக எழுதுங்கள். அந்த முகவரி இன்று தீபாவளிச் சலுகைக்குப் போகலாம், நாளை பொங்கல் பக்கத்துக்குப் போகலாம். திருப்பிவிடுவதை உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். மாற்றும் வசதியும் கிடைத்தது, நடு ஆளும் இல்லை.

பெரிய நிறுவனம் என்றால் நம்பலாம் என்று நினைக்க வேண்டாம். கூகுளே தன் முகவரிச் சுருக்கச் சேவையில் புதிய முகவரிகள் உருவாக்குவதை 2019 மார்ச்சில் நிறுத்திவிட்டது. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2015ல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கெட்சப் பாட்டிலின் கோடை ஸ்கேன் செய்த ஒருவர் ஆபாசத் தளத்தில் போய் நின்றார். லேபிளை வடிவமைக்கும் போட்டிக்காக வைத்திருந்த அந்த முகவரியை, போட்டி முடிந்ததும் நிறுவனம் கைவிட்டிருந்தது, அது வேறு கைக்குப் போய்விட்டது. பாட்டில் மட்டும் அடுக்களையில் அப்படியே இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

எங்கள் ஊர்க் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும், ஆர்டர் குவியும். அப்போது வடிவமைத்த கோடு அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை யார் வீட்டுச் சுவரிலோ தொங்கும். அதாவது பதினாறு, பதினேழு மாதம். ஒரு வருடச் சந்தா கூடப் போதாது. எதை அடிக்கிறோமோ அதன் ஆயுளைவிட முகவரியின் ஆயுள் நீளமாக இருக்க வேண்டும்.

என் கோடு மட்டும் ஏன் மணல் மாதிரி பொடிப்பொடியா இருக்கு? பக்கத்துக் கடைக்காரருது பெருசு பெருசா கட்டமா அழகா இருக்கே?

உள்ளே எழுதியிருப்பது நீளம். கியூஆரில் 40 அளவுகள் உண்டு. முதலாவது அளவில் ஒரு வரிசைக்கு 21 கட்டம், ஒவ்வொரு படிக்கும் நான்கு கூடி, கடைசியில் 177 கட்டம். 26 எழுத்துக்குள் அடங்கும் முகவரி என்றால், கோடு கொஞ்சம் அழிந்தாலும் படிக்க வைக்கும் திருத்த வசதியைச் சாதாரண அளவில் வைத்தால் 25 கட்டம் போதும். மேப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய 150 எழுத்து முகவரி என்றால் 49 கட்டம் ஆகிவிடும். அதே இரண்டரை சென்டிமீட்டர் இடத்தில், வெள்ளை ஓரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், முதலாவதில் ஒரு கட்டம் 0.76 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டாவதில் 0.44தான்.

தமிழில் முகவரி வைத்தவர்களுக்குத்தான் இதில் அடி அதிகம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், முகவரிக்குள் மாற்றி எழுதும்போது ஒன்பது எழுத்தாக விரியும். "சிவகாசி" என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் ஏழு குறிகளாக எண்ணும். முகவரியில் அது 63 எழுத்தாகிவிடும். பக்கத்தின் உள்ளே தமிழ் தாராளமாக இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். கோடில் எழுதும் முகவரியை மட்டும் எண்ணாகவோ சிறிய ஆங்கிலச் சொல்லாகவோ வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருந்தால், கியூஆர் இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்து இறுக்கி எழுதும், சுமார் முப்பது சதவீத இடம் மிஞ்சும். டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் இல்லை. சாய்கோடுக்குப் பின் வரும் பகுதியில் பேதம் இருக்கலாம், அதைச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

எவ்வளவு சின்னதா போடலாம்? விசிட்டிங் கார்டுல இடமே இல்லை.

கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 2 சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். இடம் போதவில்லை என்றால் கோடைச் சுருக்காதீர்கள், முகவரியைச் சுருக்குங்கள். என் மேசையில் நான் வைத்திருக்கும் கணக்கு, ஒரு கட்டம் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது. நல்ல ஆர்ட் பேப்பரில் அதைவிடச் சின்னதும் படிக்கும். ஆனால் மேப்லித்தோ, நியூஸ்பிரிண்ட் மாதிரிப் பூச்சில்லாத காகிதங்களில் மை கொஞ்சம் பரவும், கருப்புக் கட்டம் பக்கத்து வெள்ளையைத் தின்றுவிடும்.

கார்டில் பெயர், எண், மின்னஞ்சல், விலாசம் எல்லாவற்றையும் கோடுக்குள்ளேயே எழுதித் தரச் சொல்பவர்கள் உண்டு. முன் கேள்வியில் சொன்ன பொடிமணல் அப்படித்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு இட்டுச் செல்லும் குட்டி முகவரி போதும்.

ஓரத்துல சுத்தி வெள்ளை விடச் சொல்றீங்க. அந்த இடத்துல போன் நம்பர் போட்டுக்கலாமே?

வேண்டாம். அந்த வெள்ளை, கோடின் ஒரு பகுதி. நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலம் சும்மா இருக்க வேண்டும் என்பது விதி. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று போன் கண்டுகொள்வது அந்த இடைவெளியை வைத்துத்தான். படிக்காத கோடு என்று எங்களிடம் வருவதில் நிறையவற்றில் குற்றம் இங்கேதான் இருக்கும்: பார்டர் ஒட்டியிருக்கும், அல்லது கட்டிங் மெஷினில் ஓரம் போயிருக்கும்.

பார்கோடுக்கும் இது உண்டு. இஏஎன் பார்கோடின் வழக்கமான அளவு, ஓர வெள்ளையோடு சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 உயரம். சுருக்கினாலும் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இடப்பக்கம் மிக மெல்லிய பட்டையின் அகலத்தைப் போல 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு வெள்ளை வேண்டும். உயரத்தை வெட்டுவதும் ஆபத்து. பாக்கெட்டைக் கோணலாகக் காட்டினாலும் படிப்பதற்குத்தான் அந்த உயரம்.

கல்யாணப் பத்திரிகை மஞ்சள்ல இருக்கு, கோடு சிவப்புல போட்டா பொருத்தமா இருக்குமே? தங்க ஃபாயில்ல முடியுமா?

மஞ்சளில் அடர்ந்த குங்குமச் சிவப்பு என்றால் போன் கேமரா பெரும்பாலும் படித்துவிடும். வெளிர் சிவப்பு, ஆரஞ்சு என்றால் சந்தேகம். விதி எளிது: கட்டம் இருட்டாக, பின்னணி வெளிச்சமாக இருக்க வேண்டும். டிசைனைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் தெளிவாகத் தெரிந்தால் சரி. மெரூன் அட்டையில் வெள்ளைக் கட்டமாகத் தலைகீழாகப் போடச் சொல்வார்கள். புதுப் போன்கள் பல படிக்கின்றன, சில செயலிகள் படிப்பதில்லை. மண்டபத்துக்கு வழி தேடும் பெரியவர் கையில் எந்தப் போன் இருக்கும் என்று நமக்குத் தெரியாதே. மெரூன் அட்டையில் ஒரு வெள்ளைச் சதுரம் விட்டு அதில் அடிப்பதே நல்லது.

தங்க ஃபாயிலில் வேண்டாம். பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி அது இருட்டாகவும் தெரியும், கண்ணாடியாகவும் தெரியும். பிள்ளையாரும் மணமக்கள் பெயரும் ஃபாயிலில் மின்னட்டும். கோடு சாதா மையில் இருக்கட்டும்.

கடைப் பார்கோடில் சிவப்பே கூடாது. கவுண்டர் ஸ்கேனர் பல சிவப்பு ஒளியில் பார்க்கும், அந்த ஒளிக்குச் சிவப்புப் பட்டை வெள்ளையாகத்தான் தெரியும். கண்ணுக்கு அருமையாகத் தெரிந்த லேபிளை ஸ்கேனர் தொடாமல் போவது இதனால்தான்.

டிசைன் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருப்பை வெறும் கருப்பு பிளேட்டில் மட்டும் வையுங்கள். நான்கு நிறத்தையும் கலந்த கருப்பாக வைத்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் கட்டத்தின் ஓரமெல்லாம் நிழல் அடிக்கும்.

நடுவுல எங்க லோகோவை வைக்கலாமா? நெட்ல நிறைய பேர் வச்சிருக்காங்களே?

வைக்கலாம், விலை உண்டு. கோடின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து மீட்டுக்கொள்ளும் திருத்த வசதி கியூஆரில் இருக்கிறது. நான்கு அளவுகள்: எல் என்றால் சுமார் 7 சதவீதம், எம் 15, கியூ 25, எச் 30. லோகோ வைப்பது என்பது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. எச் அளவு வைத்து, நடுவில் சின்னதாக வைத்தால் வேலை செய்யும். ஆனால் எச் வைத்தால் கட்டங்கள் கூடும், பொடியாகும். அப்புறம் காகிதம் கசங்கினாலோ சாம்பார் பட்டாலோ மீட்பதற்குச் சேமிப்பு மிச்சம் இருக்காது.

மூன்று மூலைச் சதுரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். திருத்த வசதி அவற்றுக்குப் பொருந்தாது. என் விருப்பத்தைக் கேட்டால், லோகோவைக் கோடுக்கு மேலே தனியாகப் பெரிதாக வைப்பேன்.

வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேனே, அந்தப் படம் போதாதா?

போதாது. வாட்ஸ்அப் படத்தை அமுக்கி அனுப்பும், கட்டங்களின் ஓரம் சாம்பலாகிவிடும். பிடிஎஃப், எஸ்விஜி, இபிஎஸ் என்று, பெரிதாக்கினாலும் ஓரம் மங்காத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அதுவும் இல்லை என்றால் முகவரியை மட்டும் எழுத்தாக அனுப்புங்கள், கோடை நாங்களே செய்துகொள்வோம். சொல்லப்போனால் அதுதான் எங்களுக்கு நிம்மதி.

பைபாஸ்ல ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். கோடு எவ்வளவு பெருசு வேணும்?

பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு 30 சென்டிமீட்டர். பேருந்து நிறுத்தம், டீக்கடை எதிர்ச் சுவர், மருத்துவமனைக் காத்திருப்பு இடம், கோயில் திருவிழாப் பந்தல் என்று மக்கள் நிற்கும் இடத்துக்கு இது பொருந்தும்.

பைபாஸில் தயவுசெய்து வைக்காதீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு பதினாறு மீட்டருக்கு மேல் போகும். போனை எடுத்து, திறந்து, நீட்டுவதற்குள் பலகை பின்னால் போயிருக்கும். முயற்சி செய்பவர் வண்டி ஓட்டுபவராக இருந்தால் அது உயிர் விஷயம். அந்த இடத்தில் கடைப்பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். பேருந்தின் பின்பக்க விளம்பரத்துக்கும் இதையேதான் சொல்வேன், பின்னால் வருவது பைக் ஓட்டிகள்.

எண்ணெய் டின், ஊறுகாய் பாட்டில்ல ஒட்டுற லேபிள். அதுல படிக்க மாட்டேங்குது.

வளைவு. கோடின் ஒரு பக்கம் கண்ணுக்கு மறைந்து போகிறது. ஒல்லியான பாட்டிலில் கோடைச் சின்னதாக, வளைவின் நடுவில் வையுங்கள். அதற்கு முகவரி குட்டியாக இருந்தே ஆக வேண்டும். பார்கோடாக இருந்தால் ஏணிப்படி மாதிரி படுக்கப் போடலாம், அப்போது பட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும்.

பாலிதீன் கவரில் வெள்ளை மை அடித்தளம் இல்லாமல் அடித்தால் உள்ளே இருக்கும் மிளகாய்த்தூள்தான் பின்னணியாகும். பளபளக்கும் லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கோடு மறையும், மேட் லேமினேஷன் பாதுகாப்பு. மடிப்பு நோட்டீஸில் மடிப்புக் கோட்டின் மேல் வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாத்தான் போட்டோம். ஆனா யாருமே ஸ்கேன் பண்ணலையே?

எதற்காக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று சொன்னீர்களா? வெறும் கோடு, கீழே "ஸ்கேன் செய்யவும்". ஏன் செய்ய வேண்டும்? "இன்றைய பட்டு ரகங்களை விலையோடு பார்க்க", "மண்டபத்துக்கு வழி", "டோக்கன் எடுக்க" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காக என்னோடு வாதாடிய வாடிக்கையாளர்கள் உண்டு, இடம் போகிறதாம். கோடே வேண்டாம், அந்த வரியையாவது வையுங்கள் என்பேன்.

அடுத்தது, திறக்கும் பக்கம். தளத்தின் முகப்புக்கு அனுப்பிவிட்டு, அவரே தேடிக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. இருபது எம்பி பிடிஎஃப் மெனுவுக்கு அனுப்பக் கூடாது. சிக்னல் பலவீனமான இடத்தில், சின்னத் திரையில், தமிழில் படிக்கும்படி பக்கம் இருக்க வேண்டும். நோட்டீஸ் தமிழில் இருந்து பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால், வந்தவர் தவறான இடத்துக்கு வந்துவிட்டதாகவே நினைப்பார்.

கோடுக்குக் கீழே அதே முகவரியை எழுத்தாகவும் அச்சடியுங்கள். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆருக்குக் கீழே ஆறெழுத்துக் குறியீடு ஒன்று இருப்பதைப் பிள்ளைகளின் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் செய்ய முடியாத மாணவர், இணையவழிப் பாடங்களுக்கான அரசின் திக்‌ஷா தளத்தில் அதைத் தட்டினால் அதே பாடம் வரும். கேமரா கீறல் விழுந்த போன்காரரையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது. முகவரி குட்டியாக இருந்தால் நம்மாலும் செய்ய முடியும்.

எத்தனை பேர் ஸ்கேன் பண்ணாங்க, யார் யார்னு தெரிஞ்சுக்க முடியுமா?

எத்தனை முறை, எந்த நேரம், எந்த வகைப் போன், ஏறத்தாழ எந்த ஊர்ப் பக்கம் என்பது தெரியும். யார் என்பது தெரியாது. அவராக எண்ணையோ பெயரையோ கொடுத்தால்தான் உண்டு. அப்படி வாங்கினால் எதற்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லி வாங்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

பலன் பார்ப்பதற்கு நல்ல வழி, ஒரே கோடை எல்லா இடத்திலும் போடாமல் இருப்பது. பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸுக்கு ஓர் எண், கடைப் பையில் ஓர் எண், காலண்டரில் ஓர் எண் என்று சொந்த டொமைனில் பிரித்துக்கொண்டால், எந்தச் செலவு ஆள் கொண்டுவந்தது என்பது தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கடைப் பையனும் நானும் சோதித்ததும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும்.

ஜிபே கோடை நோட்டீஸ்ல அடிச்சுத் தரலாமா? போன்பே வச்சிருக்கிறவங்க பண்ண முடியுமா?

யுபிஐ கோடு எதுவானாலும் எந்த யுபிஐ செயலியிலும் படிக்கும். ஒரு நிறுவனத்தின் செயலியில் மட்டும் வேலை செய்யும் கோடுகளை 2022 மார்ச் 31க்குள் பொதுக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும் என்று 2020 அக்டோபரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கோடுக்குள் இருப்பது உங்கள் யுபிஐ ஐடி, பெயர், விரும்பினால் தொகை. வங்கியை மாற்றினால் ஐடி மாறும். இதற்குத் திருப்பிவிடும் வசதி கிடையாது என்பதால், வருடக்கணக்கில் புழங்கும் பொருளில் அடிக்காதீர்கள். தளத்தின் கோடையும் பணக் கோடையும் அருகருகே வைக்கவும் வேண்டாம், கேமரா எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

கடையிலும் உண்டியல் பக்கத்திலும் ஒட்டிய கோடின் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது நடக்கிறது. பெயரைக் கோடுக்குக் கீழே பெரிதாக அச்சடியுங்கள், பணம் அனுப்புபவர் திரையில் வரும் பெயரோடு ஒத்துப் பார்ப்பார். காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். இன்னொன்று, பணம் பெறுவதற்கு நீங்கள் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ வேண்டியதே இல்லை. அப்படிக் கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

ஜிஎஸ்டி பில்லுல ஒரு கியூஆர் வருதே, அதை நீங்களே பில் புக்ல அடிச்சுத் தந்திருங்களேன்?

முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வணிகர்கள் இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில், வேண்டும். அந்தக் கோடு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக, அரசுத் தளம் டிஜிட்டல் கையெழுத்திட்டுக் கொடுப்பது. பொடிக்கட்டமாகத்தான் இருக்கும், பில் டெம்ப்ளேட்டில் அதற்குப் பெரிய இடமாக விட்டுவையுங்கள்.

அடிக்கிறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது? என் போன்ல வேலை செய்யுதே.

திரையில் படித்தால் போதாது. அதே காகிதத்தில், அதே அளவில் ஒரு ப்ரூஃப் எடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய, மலிவான போனை எடுங்கள். மங்கிய வெளிச்சத்தில், கொஞ்சம் கோணலாக, கை நீட்டும் தூரத்தில் பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். லேமினேஷன் உண்டென்றால் அது போட்ட பிறகு இன்னொருமுறை. உங்கள் தளத்தில் லாகின் செய்யாத ஒருவர் போனிலும் பாருங்கள். முதலாளியின் போனில் மட்டும் திறந்து, ஊரார் எல்லாருக்கும் "அனுமதி இல்லை" என்று வந்த கூகுள் டிரைவ் கோப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

அடிச்சு வந்தாச்சு. இப்போதான் முகவரி தப்புன்னு தெரியுது. வழி இருக்கா?

எது தப்பு என்பதைப் பொறுத்தது. டொமைன் சரியாக இருந்து, சாய்கோடுக்குப் பின்னால் மட்டும் தப்பென்றால் கவலையே வேண்டாம். அந்தத் தப்பான முகவரியையே உங்கள் தளத்தில் உருவாக்கி, சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். டொமைனின் எழுத்தே மாறிவிட்டதென்றால், அந்தத் தப்பான பெயர் யாரிடமும் இல்லாமல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் வாங்கிவிடுங்கள். மறு அச்சுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வேறொருவரிடம் இருந்தால், அந்த நோட்டீஸை வெளியே விடாதீர்கள்.

முகவரி சரி, கோடுதான் படிக்கவில்லை என்றால் மேலே ஸ்டிக்கர் ஒட்டலாம். பேனாவால் கட்டத்தைத் திருத்த முயல வேண்டாம். ஸ்டிக்கர் பழைய கோடை ஓர வெள்ளையோடு முழுதாக மூட வேண்டும். பழைய மூலைச் சதுரம் ஒன்று எட்டிப் பார்த்தாலும் போன் குழம்பும். மெல்லிய காகிதம் என்றால் கீழே இருக்கும் கருப்பு ஊடுருவித் தெரியும், பின்பக்கம் சாம்பல் பூச்சு உள்ள ஸ்டிக்கர் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.